ட்ரனஃபினுக்குப் போகிற வழி

மே மாதத் தொடக்கத்தில் ஒரு காலை, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நீச்சலுக்குக் கிளம்பிய வின்னி லவெல், கல்வேலி ஓரமாகத் திரும்பும் வளைவில் அப்படியே நின்றுவிட்டாள். முந்தின நாள்வரை இரண்டு கல்தூண்களுக்கு நடுவே காற்றைத் தவிர வேறொன்றும் இல்லாமல் கிடந்த இடத்தில், அவள் தலையைத் தாண்டிய உயரத்தில் ஒரு இரும்புக் கேட் நின்றது. கேட்டில் சங்கிலி, சங்கிலியில் பூட்டு, பூட்டுக்கு மேலே அழகான எழுத்தில் ஒரு பலகை: தனியார் இடம். விருந்தினர்களுக்கு மட்டும்.

வின்னி அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு துண்டை அந்தப் பக்கம் வீசிவிட்டுக் கேட்டில் ஏறினாள். அறுபது வயதைத் தாண்டியவள். முட்டி இரண்டும் முனகின. உச்சியில் கால் மாற்றும்போது நீச்சல் அங்கி கம்பியில் மாட்டி, இடுப்பிலிருந்து முழங்கால்வரை டர்ரென்று கிழிந்தது.

"வின்னி! எறங்குங்க, ப்ளீஸ்! விழுந்து வெச்சுடப் போறீங்க!"

மேட்டு வீட்டிலிருந்து ஓடி வந்தவள் ஓர்லா. கடைக்காரர் டொமினிக் பேடனின் மகள். முப்பது வயதிருக்கும், எட்டு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. மேட்டிலிருந்த பழைய கடற்காவல் வீட்டை கிலியன் ஃபானிங் என்கிற டப்ளின்காரர் வாங்கி விருந்தினர் விடுதியாக்கியதிலிருந்து அங்கே அவள்தான் மேனேஜர். விடுதியின் பெயர் பொறித்த பச்சைக் கோட்டு போட்டிருந்தாள்.

"எறங்கத்தான் போறேன். எந்தப் பக்கம்ங்கறதுதான் கேள்வி" என்றாள் வின்னி உச்சியில் உட்கார்ந்தபடி. "இதை யாரு வெச்சது?"

"கிலியன்தான். இன்சூரன்ஸ் பிரச்சினையாம். யாராவது வழுக்கி விழுந்து கேஸு போட்டா..."

"இந்த வழியில நான் இதுவரைக்கும் வழுக்கினதே இல்ல. இன்னிக்குத்தான் வழுக்கப் போறேன், இந்தக் கேட்டால."

"வின்னி, என்னைச் சங்கடப்படுத்தாதீங்க. எனக்கு இது வேலை."

"ஒனக்கு யாருடி நீச்சல் கத்துக் குடுத்தது?"

வின்னி அந்தப் பக்கம் குதித்து, கிழிந்த அங்கியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பாராமல் கடற்கரைக்கு இறங்கிப் போனாள்.

கில்கேவன் ஊரில் வின்னியைக் கோபக்காரி என்றுதான் சொல்வார்கள். அவள் முன்னால் சொல்ல மாட்டார்கள். அந்தக் கோபம் பிறந்த நாளை அவளே சொல்வாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. அண்ணன் ஆஸ்டின், இறால்கூடு எடுக்கப் போன சின்னப் படகு கவிழ்ந்து, ஊர்த் துறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் தத்தளித்தான். துறை நிறைய ஆண்கள் நின்றார்கள். எல்லோரும் கடலிலேயே பிழைத்தவர்கள். ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. நீந்தத் தெரிந்தால் சாவதற்கு இன்னும் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான் என்பது அந்தக் கரையில் அப்போதிருந்த எண்ணம். கயிறு எறிந்தார்கள், எட்டவில்லை. சாவுக்குச் செய்கிற மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். அந்தத் தொப்பி கழற்றியதைத்தான் வின்னியால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. அவன் இன்னும் கையாட்டிக்கொண்டிருந்தான், இவர்கள் அதற்குள் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள் என்பாள்.

பத்தொன்பது வயதில் பர்மிங்ஹாமுக்கு வேலைக்குப் போனாள். ஆஸ்பத்திரிச் சமையலறையில் பாத்திரம் தேய்த்தாள். சாயங்காலமானால் நகராட்சி நீச்சல் குளம். முதலில் தண்ணீரில் இறங்கவே நடுங்கினாள். பிறகு யாராலும் அவளை வெளியே எடுக்க முடியவில்லை. கற்றுக்கொடுக்கும் சான்றிதழும் வாங்கினாள். ஊர் திரும்பி ஷேமி லவெல் என்கிற ஆட்டுப்பண்ணைக்காரனைக் கட்டிக்கொண்டாள். ஷேமி நாளுக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். "மிச்சத்த அவ பேசிடுவா" என்பான்.

அந்த வருஷமே ஜூலையில் ட்ரனஃபின் கடற்கரையில் குழந்தைகளுக்கு நீச்சல் வகுப்பு ஆரம்பித்தாள். குதிரைலாடம் போல வளைந்த வெள்ளை மணல். இரண்டு பக்கமும் பாறை முனை. நடுவே இழுப்பில்லாத பச்சைத் தண்ணீர். ஊர்த் துறையில் கயிறும் எண்ணெயும் நங்கூரமும் கிடக்கும், அங்கே சொல்லித்தர முடியாது. மழை அடித்தாலும் காற்று வீசினாலும் வகுப்பு உண்டு. குழந்தைகள் உதடு நீலம் பாரித்து நடுங்கினால் சூடாக ஒரு கோப்பை சூப்பு கொடுத்து மறுபடி இறக்கிவிடுவாள். முப்பது வருஷத்துக்கு மேலாயிற்று. அதன் பிறகு அந்த ஊரில் மூழ்கிச் செத்தவர்கள் இல்லை. இதை அவள் பெருமையாகச் சொன்னதில்லை. சொன்னாலும் சண்டைக்கு இழுப்பதுபோலத்தான் சொல்வாள்.

கேட் வந்த பத்தாம் நாள், ஷேமி பெட்ரோல் பங்கிலிருந்து ஒரு மடிப்புத்தாளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். நம் மாவட்டத்தில் வெளியே சுற்றிப் பார்க்க, ஆடி மகிழ என்று தலைப்பு. சைக்கிள் பாதை, மலையேற்றம், மீன்பிடி ஏரி, குதிரைச் சவாரி, கடற்பாசிக் குளியல் என்று வரிசையாகப் படங்கள். நடுப்பக்கத்தில் ட்ரனஃபின். அதில் ஆரஞ்சுத் தொப்பி போட்டுத் தண்ணீரிலிருந்து சிரித்துக்கொண்டே எழுந்து வருகிறாள் ஒருத்தி.

"இது நானு" என்றாள் வின்னி.

"ம்" என்றான் ஷேமி.

படத்துக்குக் கீழே: உள்ளூர் மக்களைப் போல அட்லாண்டிக்கில் நீந்துங்கள். விடுதி விருந்தினர்களுக்கே உரிய தனிக் கடற்கரை. நீச்சலுக்குப் பின் மரப்பீப்பாய்க்குள் சானா நீராவிக் குளியல்.

வின்னி அதைப் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். ஷேமிக்குப் பயமாக இருந்தது. அவள் கத்தாவிட்டால்தான் அவனுக்குப் பயம்.

"என் மூஞ்சியப் போட்டு என்னையே வராதேங்கறான்" என்றாள் கடைசியில். கையிலிருந்த தட்டு கழுவுதொட்டியில் விழுந்து இரண்டாகிவிட்டது.

அந்த வாரமே ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார் கிலியன் ஃபானிங். நாற்பது வயது, மெலிந்த உடம்பு, விலை உயர்ந்த கம்பளி ஸ்வெட்டர், எல்லோருடைய பெயரையும் நினைவில் வைத்துக்கொண்டு பேசும் பழக்கம். திரையில் படங்கள் ஓடின. கயாக் படகு ஓட்டுகிறார்கள், பாறை முனையில் யோகா செய்கிறார்கள், மணலில் தீ மூட்டி நட்சத்திரம் பார்க்கிறார்கள். ஊருக்கு என்னென்ன வேலை வரும் என்று சொன்னார். யாரையும் தடுக்கவில்லை, ஒழுங்குபடுத்துகிறோம், அவ்வளவுதான் என்றார். டீயும் பழக்கேக்கும் அவர் செலவு.

வின்னி எழுந்தாள்.

"ஜூலையில என் பிள்ளைங்க எந்த வழியா எறங்குவாங்க?"

"வின்னி, நீங்க கேப்பீங்கன்னு எதிர்பார்த்தேன்" என்று சிரித்தார் ஃபானிங். "உங்க மேல எனக்கு எவ்வளவு மரியாதைன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். சொல்லப்போனா, நீங்களே எங்ககூட சேரணும்னு ஆசைப்படறேன். விருந்தினர்கள தண்ணிக்குக் கூட்டிட்டுப் போற கடல் தோழி. சம்பளத்தோட."

"நான் கேட்டது வழி. வேலை கேக்கல."

"அது சட்டம், இன்சூரன்ஸ் சம்பந்தப்பட்டது. பேசிக்கலாம்."

"எங்க அப்பா அந்த வழியில கழுதைமேல கடற்பாசி ஏத்திட்டு வந்தாரு. அந்தக் கரையில ஒதுங்கின என் அண்ணனோட உடம்ப அந்த வழியாத்தான் தூக்கிட்டு வந்தாங்க. இன்சூரன்ஸ் இல்லாமத்தான் தூக்கிட்டு வந்தாங்க."

வின்னி திரும்பி ஊர்க்காரர்களைப் பார்த்தாள். பாதிப்பேர் அவளிடம் நீந்தக் கற்றவர்கள். மிச்சப் பாதியின் பிள்ளைகள் கற்றவர்கள். ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்: கோப்பை, செருப்பு, ஜன்னல். முன்வரிசையில் கடைக்கார டொமினிக் பேடன் உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு, ஊரில் எல்லோருக்கும் நண்பர். சின்ன வயதில் அந்த வழியில் வின்னியோடு ஓட்டப்பந்தயம் ஓடியவர். இப்போது மடியில் கிடந்த தன் தொப்பிக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"டொமினிக்! நீ சொல்லு. அது ஊர் வழியா, இல்லையா?"

"வின்னி..." என்று இழுத்தார் டொமினிக். "எல்லாத்தையும் நிதானமா பேசித் தீத்துக்கலாம்னு ஃபானிங் சொல்றாரு. அவசரப்பட வேணாமே."

"ஒனக்கு நாக்குல பூட்டு எப்பப் போட்டாங்க? கேட்டுக்குப் போட்ட அன்னிக்கேவா?"

யாரோ ஒருவர் சிரித்து உடனே நிறுத்திக்கொண்டார். வின்னி நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனாள். கதவுவரை யாரும் கூட வரவில்லை, ஷேமியைத் தவிர. வண்டியில் வீடு திரும்பும்போதும் அவள் விடவில்லை.

"டப்ளின்காரன்மேல எனக்குக் கோவமே இல்ல ஷேமி. அவன் காசு போட்டான், கேட்டும் போடுவான். இவங்க! மறுபடியும் கரையில நின்னு வேடிக்கை பாக்கறாங்க. அதே ஊரு, அதே நிலை."

"தொப்பிய வேற கழட்டியிருந்தான்" என்றான் ஷேமி. அன்றைக்கு அவன் பேசிய ஒரே வாக்கியம் அது.

ஜூன் முழுக்க வின்னி கேட்டில் ஏறிக் குதித்துப் போய்த்தான் நீந்தினாள். ஃபானிங் கேட்டின் மேல் முள்கம்பி சுற்றினார். வக்கீல் நோட்டீஸ் வந்தது. வின்னி அதில் வெண்ணெய் தடவின ரொட்டியைச் சுற்றி ஷேமிக்கு வயலுக்குக் கொடுத்தனுப்பினாள். ஓர்லா இளகிய மனசுக்காரி என்று தெரிந்ததும் கேட்டின் சாவியை ஃபானிங் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

ஜூலை வந்தது. வகுப்பு நடக்காது என்று ஊரில் பேச்சு. வின்னி கடைச் சுவரில் வழக்கமான சீட்டை ஒட்டினாள். திங்கள் காலை பத்து மணி, ட்ரனஃபின். கீழே ஒரு வரி மட்டும் புதிது: ஊர்த் துறையில் கூடவும்.

"படகுலயா?" என்று கேட்டான் ஷேமி.

"படகுலதான்."

"நீ படகுல ஏறியே..."

"தெரியும்."

ஆஸ்டின் போன நாளிலிருந்து அவள் படகில் கால் வைத்ததில்லை. மைல்கணக்கில் நீந்துவாள், படகு மட்டும் ஆகாது. திங்கள் காலை ஷேமியின் தம்பியுடைய இறால் படகு ஒன்று தயாராக நின்றது. ஒன்றுதான் கேட்டிருந்தாள். துறைக்கு வந்து பார்த்தால் மூன்று படகுகள் நின்றன. மண்டபத்தில் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர், இப்போதும் அவள் முகத்தைப் பார்க்காமல் குழந்தைகளுக்கு மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார்கள். வின்னி நன்றி சொல்லவில்லை. "அந்த வாரை இன்னும் இறுக்கு, கோழி மாதிரி கட்டியிருக்கே" என்று மட்டும் சொன்னாள். ஏறும்போது ஷேமியின் கையை அவள் பிடித்த பிடியில் அவன் விரல் மறுநாள்வரை வலித்தது.

குழந்தைகளுக்குள் ஓர்லாவின் மகள் எய்மரும் இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி கையில் கொடுத்து அனுப்பியிருந்தாள் அம்மாக்காரி. வின்னி அதையும் பார்த்துக்கொண்டாள்.

முனையைச் சுற்றிப் படகுகள் ட்ரனஃபினுக்குள் நுழைந்தபோது, சானாவிலிருந்து வெளியே வந்த விருந்தினர்கள் வெள்ளைத் துண்டோடு நின்று பார்த்தார்கள். ஒரு கிழவர் கைதட்டினார். ஏற்பாடு செய்த நிகழ்ச்சி என்று நினைத்திருப்பார். ஃபானிங் இறங்கி வந்தார். அவர் போன் செய்ததில், கொஞ்ச நேரத்தில் போலீஸ் சார்ஜென்ட் டியர்னியும் மேட்டுச் சரிவில் சறுக்கிக்கொண்டே வந்து சேர்ந்தார்.

"சார்ஜென்ட், இவங்க அத்துமீறி நுழைஞ்சிருக்காங்க" என்றார் ஃபானிங்.

டியர்னி மணலைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். "தண்ணி ஏறி எறங்குற எடம் அரசாங்கத்தோடது சார். ஈர மணல்ல நிக்கிறவங்கள நான் ஒண்ணும் செய்ய முடியாது. காஞ்ச மணல்ல ஏறினா நீங்க புகார் குடுக்கலாம்."

"கேட்டீங்களா பசங்களா?" என்றாள் வின்னி. "காஞ்ச மணல்ல கால் வெச்சா ஜெயிலு. எல்லாரும் தண்ணிக்குள்ள!"

குழந்தைகள் கூச்சலிட்டுக்கொண்டு பாய்ந்தார்கள். அரைமணி நேரம் வகுப்பு ஒழுங்காக நடந்தது. ஃபானிங் கைகட்டிக்கொண்டு ஈர மணலும் காய்ந்த மணலும் சேரும் கோட்டில் நின்றார்.

அப்போதுதான் எய்மர் அலறினாள். வின்னி பாய்ந்து தூக்கினாள். குழந்தையின் தொடையிலும் கையிலும் செந்நிற நூல்கள் பின்னிக்கிடந்தன. சிங்கப் பிடரி மாதிரி நூல்களைத் தொங்கவிட்டு அலையும் பெரிய ஜெல்லி மீன் கொட்டியிருந்தது. வின்னி எல்லாக் குழந்தைகளையும் கரையேற்றச் சொல்லிக் கத்திவிட்டு, நூல்களைத் துண்டின் நுனியால் எடுத்துக் கடல்நீர் ஊற்றினாள். எரிச்சல் தணியும் என்று காத்திருந்தாள். தணியவில்லை. குழந்தையின் உதடு வீங்கியது. மூச்சு விசிலடித்தது.

படகில் போனால் முனையைச் சுற்றி அரைமணி நேரம். விடுதி மேட்டைச் சுற்றிப் போனாலும் நேரமாகும். வழியில் ஏறினால் ஐந்து நிமிடத்தில் ரோடு. வின்னி எய்மரைத் தூக்கிக்கொண்டு காய்ந்த மணலில் ஓடினாள்.

"சாவி! ஃபானிங், சாவி!"

ஃபானிங் சட்டைப்பையைத் தடவினார். "வீட்டுல... வீட்டுல இருக்கு, இதோ" என்று மேட்டைப் பார்த்து ஓடினார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, உயிரைக் கொடுத்து ஓடினார். ஆனால் வின்னி கேட்டுக்கு வந்தபோது சாவி வரவில்லை.

கேட்டுக்கு அந்தப் பக்கம் ரோட்டில் டொமினிக் பேடனின் வேன் நின்றது. படகு வகுப்பு என்ன ஆகிறது என்று ஒளிந்து பார்க்க வந்திருக்கிறார் மனிதர். வின்னியின் கையில் இருப்பது யார் என்று பார்த்ததும் ஓடிவந்து கேட்டைப் பிடித்தார்.

"எய்மர்! என் கண்ணு! தொற, தொற வின்னி!"

"எதைத் தொறக்கச் சொல்றே? நீ நிதானமா பேசித் தீத்துக்கலாம்னியே, அந்தக் கேட்டுடா இது! கைய நீட்டு!"

பின்னால் ஓடிவந்த டியர்னி தன் கோட்டைக் கழற்றி முள்கம்பிமேல் போட்டார். வின்னி கேட்டின் நடுக்கம்பியில் ஏறிக் குழந்தையை அதன்மேல் தூக்கிக் கொடுத்தாள். டொமினிக் இரண்டு கையாலும் வாங்கினார். கம்பி வின்னியின் முன்கையைக் கிழித்தது.

"பாத்துட்டு நிக்காதே! டாக்டர்கிட்ட ஓட்டு!"

வேன் பறந்தது. டாக்டர் ஊசி போட்டு, ஆம்புலன்ஸ் வந்து, சாயங்காலத்துக்குள் எய்மர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் கேட்டாள்.

அன்று மாலையே டொமினிக் கடையிலிருந்து இரும்பு அறுக்கும் மிஷினை எடுத்துவந்து, ஊர் பார்க்க, கேட்டின் கீல்களை அறுத்தார். பொறி பறந்தது. கேட் புல்லில் விழுந்ததும் கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். டொமினிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வின்னியிடம் வந்தார்.

"என்னை மன்னிச்சுடு வின்னி."

முன்கையில் கட்டுப் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள் அவள். கைதட்டாத ஒரே ஆள்.

"ஒன் பேத்திக்கு மூச்சு முட்டினப்பறம்தான் ஒனக்கு அந்தக் கேட்டு கண்ணுல பட்டுதா? வேற யாரு வீட்டுப் பிள்ளையா இருந்தா?"

"அப்படிச் சொல்லாதே."

"அப்படித்தான் சொல்லுவேன். அறுத்தது நல்லது. அதுக்காக ஒனக்குக் கைதட்டச் சொல்லாதே."

கேட்டை அறுத்ததற்கு டொமினிக் கோர்ட் ஏற வேண்டிவந்தது. புதுக் கேட் வாங்கிக் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு. ஆனால் புதுக் கேட்டை மாட்ட ஃபானிங்குக்கே தைரியம் வரவில்லை. பூட்டிய கேட்டின்மேல் ஒரு குழந்தையைத் தூக்கிக் கொடுத்த கதை மாவட்டம் முழுக்கப் பரவிவிட்டது. வழி யாருடையது என்று வழக்கு நடத்தினால் ஜெயிக்கலாம், ஜெயித்தால் விடுதிக்கு யாரும் வரமாட்டார்கள் என்று வக்கீலே சொன்னதாகப் பேச்சு. ஓர்லா வேலையை விட்டுவிட்டு அப்பாவின் கடைக்கு வந்துவிட்டாள். அடுத்த வசந்தத்தில் ஃபானிங்கும் மாவட்டக் கவுன்சிலும் ஒரு உடன்படிக்கைக்கு வந்தார்கள். வழி எல்லோருக்கும் திறப்பு. சின்னதாக ஒரு விழா, கவுன்சிலர் ரிப்பன் வெட்டினார். வின்னியை முன்வரிசையில் உட்காரவைத்து, ஜெயித்துவிட்டாய் என்று ஆளாளுக்குக் கையைக் குலுக்கினார்கள்.

கூட்டம் கலைந்தபின் அவள் தூணருகே போய் அங்கே நட்டிருந்த புதுப்பலகையைப் படித்தாள். ட்ரனஃபின் கடற்கரைப் பாதை. நாய்களைக் கட்டிக் கூட்டிவரவும். கடைசி வரி: நில உரிமையாளரின் அன்பான அனுமதியுடன்.

"என்ன?" என்றான் ஷேமி, அவள் முகத்தைப் பார்த்து.

"அனுமதி" என்றாள் வின்னி. "அன்பான அனுமதியாம். குடுத்தா எடுக்கலாம், தெரியுமில்ல? நாளைக்கு அன்பு கொறைஞ்சா?"

"விடு வின்னி. வழிதான் தொறந்திருக்கே."

"நான் கேட்டது பிச்சை இல்ல ஷேமி."

அவள் கீழே குனிந்து ஒரு சிப்பி ஓட்டைப் பொறுக்கினாள். ஊர் பார்க்கிறதா என்று பார்க்கவில்லை. அதன் விளிம்பால் அந்தக் கடைசி வரியை, எழுத்து எழுத்தாக, பெயிண்ட் தூள் கைமேல் கொட்டக் கொட்டச் சுரண்டினாள். அடுத்த வாரம் புதுப்பலகை வந்தது. அதையும் சுரண்டினாள். கவுன்சிலிலிருந்து ஒரு இளைஞன் வந்து, இது அரசுச் சொத்தைச் சேதப்படுத்துவது, தயவுசெய்து செய்யாதீர்கள் என்று கெஞ்சினான். "தயவு, அன்பு, அனுமதி. இந்த மூணையும் எடுத்துட்டு வெறும் வழின்னு எழுதிக் கொண்டா, தொடமாட்டேன்" என்று சொல்லி அனுப்பினாள்.

இன்றுவரை அப்படி எழுதி வரவில்லை. வின்னி இப்போதும் விடிந்ததும் அந்த வழியில் இறங்குகிறாள். விடுதி விருந்தினர்கள் எதிரே வந்தால் சிரித்துக் காலை வணக்கம் சொல்வார்கள். அவள் தலையை மட்டும் ஆட்டுவாள். ஜூலையில் வகுப்பு நடக்கிறது, எய்மரும் வருகிறாள். டொமினிக் தினமும் அவளைக் கொண்டுவிட்டு, வின்னியிடம் ஏதாவது பேச்சுக் கொடுத்துப் பார்த்துவிட்டுப் போவார். பலகையில் வரி மறுபடி முளைத்திருந்தால், குழந்தைகள் உடை மாற்றும் நேரத்தில் வின்னி போய் அதைச் சுரண்டிவிட்டு வந்துதான் தண்ணீரில் இறங்குவாள்.